எனாமல் நகைக்கு மைக்கா: கிடைக்கும் இடமும் கேட்க வேண்டிய கேள்வியும்

பிளிக் அ ஜூர் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயரிட்ட எனாமல் வேலையில் வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் உலோகம் இருக்காது. வெள்ளியிலோ தங்கத்திலோ அறுத்தெடுத்த சிறு கட்டங்களுக்குள் கண்ணாடி மட்டுமே நிற்கும். தோடு காதில் ஆடும்போது வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். சூளைக்குள் அந்தக் கண்ணாடி உருகிக் குழைந்திருக்கும் ஓரிரு நிமிடங்கள் அதை அடியிலிருந்து தாங்குவது எது என்பதுதான் இந்த வேலையின் முதல் சிக்கல். உலோகத் தகட்டை வைத்தால் ஒட்டிக்கொண்டு விடாது. களிமண்ணை வைத்தால் கண்ணாடியில் மண் ஏறித் தெளிவு போய்விடும். இன்று எனாமல் பட்டறைகள் பெரும்பாலும் நாடும் விடை மைக்கா தகடு.

அந்தத் தகட்டை எங்கே வாங்குவது என்பது சாதாரணக் கேள்வியாகத் தோன்றும். பொற்கொல்லர் சாமான் விற்கும் கடையில் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். அங்கிருந்து மின்சாமான் கடை, நாட்டு மருந்துக் கடை, மின்காப்புப் பொருள் வியாபாரி என்று ஒவ்வொரு படியாகப் போனால் தேடல் கடைசியில் ஜார்க்கண்டின் காட்டுக்குள் போய் நிற்கிறது. உலகின் தகட்டு மைக்காவில் பெரும்பகுதியை ஒரு காலத்தில் கொடுத்த நாட்டில் ஒரு நகைத் தொழிலாளிக்கு உள்ளங்கை அளவு நல்ல தகடு எளிதில் கிடைப்பதில்லை. அதன் காரணங்களையும், கிடைக்கும் வழிகளையும், வாங்கும்போது நாம் ஏற்க வேண்டிய பொறுப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மைக்கா என்பது ஒரு கனிமக் குடும்பம். தமிழில் அபிரகம் என்றும் காக்காய்ப்பொன் என்றும் வழங்குகிறோம். நகைப் பட்டறைக்கு அதில் இரண்டு போதும். முதலாவது மஸ்கோவைட். பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சிலிக்கேட். நிறமில்லாமலோ, இளஞ்சிவப்பாகவோ, இளம்பச்சையாகவோ இருக்கும். இரண்டாவது புளோகோபைட். மக்னீசியம் மிகுந்தது, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். இரண்டிலும் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் பிணைப்பு மிக வலுவானது. ஓர் அடுக்கையும் அடுத்த அடுக்கையும் சேர்த்துப் பிடித்திருப்பது பொட்டாசியம் அயனிகள் மட்டுமே. அந்தப் பிடி வலுவற்றது. அதனால் ஓரத்தில் ஊசிமுனையைச் செருகினால் மைக்கா ஏடு ஏடாகப் பிரிந்துவரும்.

எனாமல் வேலைக்கு உதவுவது இந்தப் பிரியும் குணம்தான். மைக்காவில் கண்ணாடி ஒட்டவே ஒட்டாது என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் ஒட்டும். ஆனால் ஒட்டிய ஏடு தனக்குக் கீழே உள்ள ஏட்டிலிருந்து விலகிவிடும். நகை ஆறியபின் தகட்டை உரித்தால் கண்ணாடியின் முதுகில் மெல்லிய மினுக்குப் படலம் மட்டும் மிஞ்சும். அதைத் தண்ணீர் ஓடவிட்டபடி வைரத்தூள் பட்டையால் தேய்த்தெடுத்து, மீண்டும் ஒரு முறை சூளையில் காட்டி எடுத்தால் இரண்டு பக்கமும் பளபளப்பு வந்துவிடும்.

சூடு தாங்கும் விஷயத்தில் இரண்டு வகைக்கும் வேறுபாடு உண்டு. மஸ்கோவைட்டின் படிகத்துக்குள் ஹைட்ராக்சில் வடிவில் நீர் கட்டுண்டு கிடக்கிறது. வெப்பம் 500, 600 டிகிரி செல்சியஸைக் கடக்கும்போது அது வெளியேறத் தொடங்கும். தகடு வெள்ளி நிறமாக மங்கி, ஏடுகள் உப்பும். எனாமல் சூளையோ 750 முதல் 850 டிகிரி வரை எரிவது. அப்படியிருந்தும் மஸ்கோவைட் பயன்படுவதற்குக் காரணம், நகை உள்ளே இருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதே. மின்சாதனத்தில் ஆண்டுக்கணக்கில் சூடேறி நிற்கும் மைக்காவுக்கு விதித்த வெப்ப வரம்பை இரண்டு நிமிட வேலைக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை. தகடு கெடும், ஆனால் கெடுவதற்குள் தன் வேலையை முடித்துவிடும். அதனால் ஒரு நகைக்கு ஒரு தகடு என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. புளோகோபைட் 800 டிகிரி வரையிலும் அதற்கு மேலும்கூடப் பெரிதாக மாறாமல் நிற்கும். பலமுறை சுட வேண்டிய பெரிய வேலைக்கு அதுதான் ஏற்றது. எனக்கு மஸ்கோவைட்டின் தெளிவு பிடிக்கும். அடியில் கண்ணாடி எப்படி இறங்கியிருக்கிறது என்பதைச் சுடுவதற்கு முன் திருப்பிப் பார்க்க முடியும். எனினும் மூன்று நான்கு முறை நிரப்பிச் சுட வேண்டிய வேலை என்றால் தேன்நிற வகையையே பரிந்துரைப்பேன்.

மைக்காவை மனிதர்கள் அணிகலனாக்கியது எனாமலுக்கு மிகவும் முந்திய கதை. சூடானில் நைல் கரையில் இருந்த கெர்மா நாகரிகத்தின் கல்லறைகளில், விலங்கு வடிவமாக வெட்டித் தொப்பிகளில் தைத்திருந்த மைக்கா துண்டுகள் கிடைத்தன. அவற்றுக்கு ஏறத்தாழ 3,600 வயது. ஜார்ஜ் ரைஸ்னர் தோண்டியெடுத்த அவற்றில் பல இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. அமெரிக்காவின் ஒகையோவில் ஹோப்வெல் பண்பாட்டு மக்கள் ஒற்றைத் தகட்டில் வெட்டிய, ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள மனிதக் கை உருவம் புகழ்பெற்றது. அதற்கான மைக்கா தெற்கே அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் கைமாறி வந்தது. இரண்டு இடத்திலும் தகடு வெட்டப்பட்ட விதத்தைப் பார்த்தால், கத்தி எந்தத் திசையில் போனால் ஏடு கிழியாது என்று அறிந்த கைகள் அவை என்பது தெரியும்.

நம் பக்கத்திலும் ஒரு மரபு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் மைக்கா ஏடுகளில் சித்திரம் எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். சாதி, தொழில், ஊர்வலம், தெய்வம் என்று தொகுதி தொகுதியாக அவை போயின. சில தொகுதிகளில் ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும்; அதன் மேல் வெவ்வேறு மைக்கா ஏடுகளை மாற்றி மாற்றி வைத்தால் அதே முகம் வெவ்வேறு உடை அணியும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மைக்கா ஓவியங்கள் இருக்கின்றன. அந்த ஏடுகளின் தெளிவு, அக்காலத்தில் ஒரு சாதாரண ஓவியர் கைக்கும் எவ்வளவு நல்ல தகடு எட்டியது என்பதற்குச் சாட்சி.

பின்தகடில்லா எனாமலின் வரலாறு ஐரோப்பாவில் நீளமானது. எஞ்சிய பொருள்கள் கொஞ்சம். 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மெரோட் கிண்ணம் லண்டனில் இருக்கிறது. பென்வெனுட்டோ செல்லினி என்ற இத்தாலியப் பொற்கொல்லர் 1568-இல் வெளியான தம் நூலில் இந்த முறையை விளக்குகிறார். பிரான்சு அரசர் முதலாம் பிரான்சுவா வைத்திருந்த ஒரு கிண்ணத்தைப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் வழியில் மைக்கா இல்லை. மெல்லிய இரும்புக் கூட்டுக்குள் களிமண் பூசி அதில் தங்க வேலையை அமர்த்தச் சொல்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கலை திடீரென்று உயிர்பெற்றது. பிரான்சில் தெஸ்மார், லலிக். நார்வேயில் டேவிட் ஆண்டர்சன், டோஸ்ட்ரப் பட்டறைகள். ரஷ்யாவிலும் சிறந்த வேலைகள் வந்தன. லலிக் செய்த தட்டான்பூச்சிப் பெண் மார்பணி லிஸ்பனின் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இறக்கைகளைப் படத்தில் பார்த்தவர்கள்கூட இந்த வேலையைக் கற்க ஆசைப்படுவார்கள். நகோயாவின் ஆண்டோ நிறுவனம் 1900 பாரிஸ் கண்காட்சியில் தெஸ்மாரின் கிண்ணத்தைக் கண்டபின், அதன் கைவினைஞர் கவாடே ஷிபதாரோ செம்பு உடலின் மேல் எனாமலைச் சுட்டுப் பின் அமிலத்தில் செம்பைக் கரைத்துவிடும் வழியை ஜப்பானில் வளர்த்தெடுத்தார்.

நம் நாட்டு மீனா வேலை வேறு வழிப்பட்டது. ஜெய்ப்பூரிலும் பனாரஸிலும் தங்கத்தைக் குழித்து அதற்குள் வண்ணத்தை நிரப்புகிறார்கள். பின்னால் உலோகம் உண்டு. அங்கும் சூளைக்குள் நகையைத் தீயிலிருந்து விலக்கி வைக்க அடியில் மைக்கா தகடு இடுவது பழைய வழக்கம். ஆக இந்தியப் பட்டறைக்கு மைக்கா புதிதல்ல. கம்பி வலையின் மேல் ஒரு தகட்டை விரித்து அதன் மேல் வேலையை வைத்தால், விளிம்பில் வழியும் எனாமல் வலையில் ஒட்டாது. பின்தகடில்லா வேலையே செய்யாதவருக்கும் இதற்காக ஒரு கட்டு மைக்கா கையில் இருப்பது நல்லது.

இனி அது எங்கிருந்து வந்தது, ஏன் மறைந்தது என்பதற்கு வருவோம். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிதி, ஹசாரிபாக் மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய பீகாரின் நவாதா, ஜமுய் பகுதிகளும் சேர்ந்தது இந்தியாவின் பெரிய மைக்கா பட்டை. அங்கே கிடைப்பது ரூபி மைக்கா என்று உலகச் சந்தை மதித்த இளஞ்சிவப்பு மஸ்கோவைட். ஆந்திரத்தில் நெல்லூரை அடுத்த கூடூர் வட்டாரத்தில் பச்சைச் சாயல் கொண்ட மஸ்கோவைட். நெல்லூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் அந்த மைக்கா சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. ராஜஸ்தானின் பில்வாராவிலும் சுரங்கங்கள் உண்டு.

இந்த மைக்காவை உலகம் விரும்பியது நகைக்காக அல்ல, மின்சாரத்துக்காக. வானொலி வால்வுகளுக்குள் உறுப்புகளைப் பிடித்து நிறுத்தியது மைக்கா. மின்தேக்கிகளில் ஏடாக இருந்தது மைக்கா. இரண்டாம் உலகப்போரில் வானொலியும் ரேடாரும் விமான எஞ்சினும் இதை நம்பியிருந்ததால், பிரிட்டனும் அமெரிக்காவும் 1942-இல் கல்கத்தாவில் ஒரு கூட்டு மைக்கா அலுவலகத்தை அமைத்து இந்தியச் சரக்கைப் பங்கிட்டு வாங்கின. கோடர்மா மாவட்டத்தின் ஜும்ரி தலையா மைக்கா வியாபாரத்தில் செழித்த ஊர். பிற்காலத்தில் வானொலிக்குப் பாட்டு கேட்டுக் கடிதம் எழுதும் நேயர்களால் அதே ஊர் நாடு முழுதும் பெயர் பெற்றது. வானொலிப் பெட்டிக்குள் மைக்காவாகவும், அதற்கு வெளியே நேயர் பெயராகவும் அந்த ஊர் ஒலித்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தக் காலத்துத் தரப்பிரிப்பு வியக்கத்தக்கது. பாறையிலிருந்து எடுத்த மைக்கா கட்டியைப் பிளந்து, குறையுள்ள ஓரத்தைக் கதிரரிவாளால் சீவி, அளவு வாரியாகவும் தெளிவு வாரியாகவும் பிரிப்பார்கள். அளவுத் தரத்தில் எண் குறையக் குறையத் தகடு பெரிது. 6-ஆம் எண் ஒரு சதுர அங்குலத்தில் தொடங்கும். 1-ஆம் எண் 24 சதுர அங்குலத்தில் தொடங்கும். தெளிவில் முழுத்தெளிவு முதல் கரும்புள்ளி வரை பல படிகள். கனத்தில் 0.18 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பிளாக், 0.03 மில்லிமீட்டருக்குள் உரித்தால் ஸ்பிளிட்டிங். வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து உரித்த அந்த மெல்லேடுகளை அரக்கு வைத்து ஒட்டி அழுத்தினால் மைக்கனைட் பலகை. மோட்டார் காப்புக்கு அது போனது.

பிறகு டிரான்சிஸ்டர் வந்து வால்வைத் தள்ளியது. மைக்கா கழிவை அரைத்துக் கூழாக்கிக் காகிதம்போல் வார்க்கும் முறை வந்ததும் பெரிய தகட்டின் தேவை இன்னும் சுருங்கியது. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டுக்குள் இருந்த சுரங்கங்கள் உரிமம் புதுப்பிக்க முடியாமல் ஒவ்வொன்றாக மூடின. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது மிகப் பெரிய வாடிக்கையாளரும் போனார். அதே காலத்தில் முகப்பூச்சுக்கும் கார் வண்ணத்துக்கும் மினுமினுப்பு சேர்க்கும் மைக்கா தூளின் சந்தை வளர்ந்தது. தூளுக்குத் தகடு எவ்வளவு பெரிது என்பது பொருட்டல்ல. உடைந்த செதிளே போதும். உரித்து, சீவி, தரம் பிரிக்கும் கைத்திறனுக்கு விலை கிடைக்காமல் போயிற்று. நகைத் தொழிலாளிக்கு இன்று தகடு கிடைக்காததற்கு இதுவே வேர்க்காரணம் என்று நினைக்கிறேன். கனிமம் தீர்ந்துவிடவில்லை, அதைத் தகடாக எடுக்கும் தொழில்தான் சுருங்கிவிட்டது.

இப்போது கடைத்தெரு. ஹார்டுவேர் கடையில் மைக்கா ஷீட் என்று கேட்டால் பிளைவுட்டில் ஒட்டும் லேமினேட்டை எடுத்து நீட்டுவார்கள். அது பிசினில் ஊறிய காகிதம். சூளையில் வைத்தால் எரிந்து புகையும். நாட்டு மருந்துக் கடையில் அபிரகம் என்று கேட்டால் உண்மையான மைக்காவே கிடைக்கும். பற்பம், செந்தூரம் செய்வதற்கானது என்பதால் கறுத்தும் நொறுங்கியும் இருக்கும். சில துண்டுகளை உரித்துப் பழகிப் பார்க்கலாம், வேலைக்கு உதவாது.

எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடை இன்னும் நம்பகமான இடம். சென்னை ரிச்சி தெருவைப் போன்ற இடங்களில் பவர் டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா வாஷர்கள் கிடைக்கும். அவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுதான், நடுவில் துளையும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் இயற்கை மஸ்கோவைட். ஒரே சீரான கனத்தில் தெளிவாக இருக்கும். துளையைத் தவிர்த்து ஒரு சிறு தோட்டுக்கோ மூக்குத்திக்கோ தாராளமாகப் போதும். எனாமல் கற்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இந்த வாஷரைத்தான். குறைந்த செலவில் நாலைந்து முறை தவறிப் பழகலாம். வாங்கும்போது மைக்காதானா என்று பாருங்கள். அதே வடிவத்தில் சாம்பல் நிற சிலிகோன் வாஷரும் விற்கிறார்கள்.

மோட்டார் சுற்றுபவர்களுக்கும் ஹீட்டர் பழுது பார்ப்பவர்களுக்கும் சரக்கு தரும் மின்காப்புப் பொருள் கடைகளில் பெரிய தகடுகள் உண்டு. இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. அங்கே இருப்பதில் பெரும்பாலானவை மைக்கனைட் அல்லது கூழிலிருந்து வார்த்த மைக்கா காகிதப் பலகை. பின்னதில் சிலிகோன் பிசின் கலந்திருக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் பக்கச்சுவரில் இருக்கும் அந்தச் சாம்பல்பழுப்புத் தகடும் இதே இனம். மின்சாரத்துக்கு நல்ல சரக்கு, எனாமலுக்கு ஆகாது. சூளையில் பிசின் புகைந்து கண்ணாடியை மங்கவைக்கும்; ஏடாகப் பிரியாததால் உரிக்கவும் வராது. ஆகவே இயற்கைத் தகடு வேண்டும், பிசின் கலக்காதது வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கொதிகலன் நீர்மட்டக் கண்ணாடிக்கு முன்னால் வைக்க உயர்தர மஸ்கோவைட் தகடு செய்கிறார்கள். மண்ணெண்ணெய் ஹீட்டருக்கும் விறகடுப்புக்கும் ஜன்னல் தகடு செய்கிறார்கள். இவற்றை விற்கும் கொல்கத்தா, கிரிதி வியாபாரிகளிடம் அளவும் கனமும் சொல்லிச் சிறு பொட்டலமாகக் கேட்டால் சிலர் தருவார்கள். வெளிநாட்டு எனாமல் சாமான் கடைகள் எனாமலுக்கென்றே தேர்ந்த மைக்காவை விற்கின்றன. விலை கூடும், தேர்வு செய்யும் வேலை மிச்சம்.

தோட்டுக்கும் பதக்கத்துக்கும் 4, 5 ஆகிய அளவுத் தரங்கள் போதும். கனம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். மெலிந்தால் ஈரக் கண்ணாடித் தூளின் எடையில் தொய்யும். தடித்தால் நீங்களே உரித்துக்கொள்ளலாம், நஷ்டமில்லை. உரிக்கும்போது ஒரு மூலையை ஊசியால் திறந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது ஏடுகளுக்கிடையே ஊர்ந்துபோய் வழிவிடும். புதிதாகப் பிரிந்த முகத்தையே மேலே வையுங்கள். அதைவிடச் சுத்தமான பரப்பு பட்டறையில் வேறெதிலும் கிடைக்காது. பழுப்பு, கறுப்புப் புள்ளிகள் இரும்பு ஆக்சைடுகள். அவை கண்ணாடிக்கு நேர் கீழே வராதபடி வெட்டுங்கள்.

வாங்கியது அசலா என்று அறிய இரண்டு சோதனைகள் செய்து பார்ப்பது வழக்கம். மெல்லிய ஏட்டை லேசாக வளைத்துவிட்டால் மைக்கா சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும். வெர்மிகுலைட், குளோரைட் போன்ற ஒத்த தோற்றக் கனிமங்கள் வளைந்தபடியே நிற்கும். அடுத்து, ஒரு துண்டை மட்டும் தனியாகச் சூளையில் இரண்டு நிமிடம் வையுங்கள். புகையோ பழுப்பு நிறமோ வாடையோ வந்தால் பிசின். கொப்புளமாக வெடித்து உப்பினால் ஏடுகளுக்கிடையே காற்றோ ஈரமோ தங்கியிருக்கிறது. மெல்ல வெள்ளிச் சாயல் ஏறி, தட்டையாகவே நின்றால் அது நம் சரக்கு.

வேலையில் கெடுவது பெரும்பாலும் மைக்காவால் அல்ல, உலோகம் தட்டையாக இல்லாததால். அறுத்த வெள்ளித் தகட்டைப் பதம் காய்ச்சி, தட்டி, சமதளத்தில் உரசித் தட்டையாக்காவிட்டால் தகட்டுக்கும் மைக்காவுக்கும் நடுவே இடைவெளி விழும். உருகிய கண்ணாடி அதன் வழியே வழிந்து அடுத்த கட்டத்து நிறத்தோடு கலக்கும். கண்ணாடித் தூளை நன்றாகக் கழுவி, ஈரமாக நிரப்பி, முழுவதும் உலர்த்திய பின்பே சூளை. உருகும்போது தூள் பாதியாக இறங்கும் என்பதால் மீண்டும் மீண்டும் நிரப்பிச் சுட வேண்டும். பின்னால் உலோகம் இல்லாத கண்ணாடி திடீர்க் குளிர்ச்சியில் விரியும். சூளை வாயிலிலேயே மெல்ல ஆறவிடுங்கள். மைக்காவைக் கத்தரிக்கோலால் வெட்டுவதில் ஆபத்தில்லை. உலர்ந்த நிலையில் அரைப்பதும் தேய்ப்பதும் கூடாது. அந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்திருக்கிறது. தண்ணீர் விட்டே தேயுங்கள்.

மைக்காவையே நகையில் பதிப்பவர்களும் உண்டு. இரண்டு ஏடுகளுக்கு நடுவே காய்ந்த இலையையோ படத்தையோ வைத்துப் பதக்கத்தில் அடைத்தால் அழகாக இருக்கும். ஏட்டின் முகம் நகக்கீறல் அளவுக்கு மென்மையானது என்பதால் மோதிரத்துக்கு உதவாது. பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் வேலை எல்லாம் முடிந்த பிறகே பதிக்க வேண்டும். ஆணியோ மடிப்புக் காதோ கொண்டு பிடித்தால் போதும்.

இயற்கை மைக்கா இல்லாமல் முடியுமா என்றால், முடியும். சில மில்லிமீட்டருக்குட்பட்ட சிறு கட்டங்களில் ஈரத்தூள் தன் ஒட்டும் விசையாலேயே நிற்கும். அடியில் எதுவும் வேண்டாம். அதிகப் பொறுமை வேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் தீ மெருகோடு வரும் கண்ணாடிக்கு இணை இல்லை. செம்புத் தகட்டை முதுகாக வைத்துப் பின் அமிலத்தில் கரைக்கும் ஜப்பானிய வழி கிண்ணம் போன்ற வளைந்த பொருளுக்கு ஏற்றது. வீட்டுப் பட்டறையில் அமிலப்புகையோடு அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது, செயற்கை மைக்கா. ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் புளோரின் அமைந்த புளோகோபைட் அது. உள்ளே நீர் இல்லாததால் 1,000 டிகிரியிலும் மங்காது. தகடுகள் சிறியவை, விலை அதிகம். ஆனால் ஒரே தகட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதைக் கணக்கிட்டால் தொடர்ந்து வேலை செய்பவருக்குக் கட்டுப்படியாகும்.

செயற்கை மைக்காவை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சுரங்கங்கள் சட்டப்படி மூடியபின் கோடர்மா, கிரிதி மக்களுக்கு வேறு பிழைப்பு வரவில்லை. கைவிட்ட குழிகளிலும் பழைய கழிவு மேடுகளிலும் அவர்கள் திப்ரா எனப்படும் செதிள்களைப் பொறுக்கி இடைத்தரகர்களுக்கு விற்கிறார்கள். பிள்ளைகளின் சிறு உடலும் விரலும் அந்தக் குறுகிய குழிகளுக்குப் பொருந்துகின்றன. 2016-இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு, இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் அத்தகைய குழிகளில் இறந்ததை வெளிக்கொண்டுவந்தது. பதிவில்லாத சுரங்கம் என்பதால் இறப்புகள் மறைக்கப்படுகின்றன என்பதையும் அது காட்டியது. அதே ஆண்டு டெர் டெ சோம் அமைப்பின் அறிக்கை, ஜார்க்கண்ட், பீகாரில் 22,000 குழந்தைகள் வரை இந்த வேலையில் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. புளோகோபைட் மிகுதியாகக் கிடைக்கும் மடகாஸ்கரின் தெற்கிலும் குழந்தைகள் மைக்கா எடுப்பதை அடுத்த ஆய்வுகள் பதிவுசெய்தன. வண்ணத்தூள் வாங்கும் பெரிய நிறுவனங்கள் 2017-இல் பொறுப்பான மைக்கா முன்முயற்சி என்ற அமைப்பைத் தொடங்கின. 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு மைக்காவைச் சிறு கனிமப் பட்டியலிலிருந்து எடுத்து முதன்மைக் கனிமங்களில் சேர்த்தது. உரிமத்தோடு நடக்கும் சுரங்கங்கள் திரும்பவும் வர இது வழிவகுக்கும் என்றால் நல்லது; கூலியும் பாதுகாப்பும் சேர்ந்து வராவிட்டால் குழியில் இறங்குபவர்களுக்கு எதுவும் மாறாது.

மைக்காவை முற்றிலும் ஒதுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த ஊர்களுக்கு வேறு வருமானம் வராமல் வாங்குவதை மட்டும் நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது அதே பிள்ளைகள்தான். தூளுக்குப் போகும் செதிளைவிட, சீவித் தரம் பிரித்த தகட்டுக்குப் பல மடங்கு விலை உண்டு. அந்த வேலை வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யும் வயதுவந்தோர் வேலை. அந்தக் கைத்தொழில் மீண்டும் நிமிர்ந்தால் நகைத் தொழிலாளிக்கும் சுரங்க ஊருக்கும் சேர்ந்தே நன்மை. நம் தேவை அளவில் மிகச் சிறியது, ஆண்டுக்குச் சில நூறு கிராம். ஆனால் தகடு வேண்டும் என்று கேட்பவர்களே குறைந்துபோன சந்தையில் ஒவ்வொரு கேள்வியும் வியாபாரியின் காதில் விழும்.

ஆகவே எனாமல் செய்யும் நண்பர்களே, பழகும் காலத்தில் டிரான்சிஸ்டர் வாஷரையும் பழைய வானொலிக் கடைகளின் எஞ்சிய சரக்கையும் பயன்படுத்துங்கள். தொடர்ந்து செய்யத் தொடங்கியதும் ஒன்று செயற்கை மைக்கா வாங்குங்கள், அல்லது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று எழுத்தில் தரும் வியாபாரியிடம் இயற்கைத் தகடு வாங்குங்கள். தனியாகக் கேட்டால் அலட்சியம் செய்வார்கள் என்றால் நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கேளுங்கள். விலையைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள்.